இரண்டாவதாக விழுந்தவர்

கேளம்பாக்கம்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மச்சான் ராமதாஸ் அவர்களுக்கு,

தாமோதரன் வணக்கத்துடன் எழுதுவது. செங்கல்பட்டில் தாங்களும் அக்காவும் பேரன் ஆதித்யாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இங்கே நானும் தங்கள் தங்கை அமிர்தவல்லியும் சஹானாவும் உடம்பளவில் சுகம். அமிர்தவல்லிக்கு பி.பி. மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். எங்கள் அடுக்குமாடிக்கு இந்த மாதம் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறது. லிஃப்ட் மட்டும் நாலாவது மாடியில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இறங்குகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படி எழுத வழியில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே நான் கத்த வேண்டும். கத்தினால் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்கும். கத்தாவிட்டாலும் தங்கள் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். எனவே அவளும் சஹானாவும் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு, வருகிற ஞாயிறு திருப்போரூர் வழி பஸ்ஸைப் பிடித்து ஒரு நடை வந்து, சஹானாவிடம் தாய்மாமன் என்ற முறையில் பேச வேண்டும். நம் குடும்பத்தில் எத்தனையோ வம்பைத் தாங்கள் பேசித் தீர்த்திருக்கிறீர்கள். இதையும் தீர்த்து வையுங்கள்.

விஷயம் சஹானாவின் கல்யாணம். அதற்கு முன்னால் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு பாகம் தேவையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதைக் கழற்றிவிட்டு மிஷினை ஓட்டிப் பார்ப்போம். முன்போலவே ஓடினால் அந்தப் பாகம் வெட்டி. இதே கணக்கைத்தான் சினிமாவுக்கும் வைத்திருக்கிறேன். சண்டைக்கு முன்னால் ஹீரோ நல்லவன், வில்லன் கெட்டவன். சண்டை முடிந்த பிறகும் ஹீரோ நல்லவன், வில்லன் கெட்டவன். நடுவில் சட்டை கிழிந்ததுதான் மிச்சம். இதற்கு நான் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? தியேட்டராக இருந்தால் எழுந்து பாத்ரூம் போய்விடுவேன். வீட்டில் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவேன். கல்யாணம் ஆன நாளாக, டிவி வாங்கிய நாளாக, எங்கள் வீட்டில் முழுச் சண்டை ஓடியது கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மூன்று பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்க்கெட்டில் சண்டை ஆரம்பித்தது. வழக்கம்போல ரிமோட்டை எடுத்தேன். சஹானா கத்தினாள்.

"அப்பா, ஓட்டாதீங்க! கொஞ்சம் பின்னாடி போங்க."

"ஏம்மா?"

"அந்தத் தக்காளி வண்டி மேல ரெண்டாவதா விழுந்தாரே, பாத்தீங்களா?"

"யாரு, நீல பனியனா?"

"ஆமா. அவர் பேரு ஜெரோம். அவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மச்சான், நம் குடும்பத்தில் எத்தனையோ பேருக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். வெற்றிலை பாக்கோடு போய்ப் பார்த்தோம், கோயிலில் வைத்துப் பார்த்தோம், போட்டோவில் பார்த்தோம். தக்காளி வண்டியில் விழும்போது பார்த்தது இவனை ஒருத்தனைத்தான். நான் பின்னால் ஓட்டினேன். அவன் எழுந்து பறந்து ஹீரோவின் முஷ்டிக்குத் திரும்பிப் போனான். மறுபடி விட்டேன், மறுபடி விழுந்தான். "மூஞ்சி தெரியலீங்க, இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அமிர்தவல்லி. போட்டேன். நிறுத்திப் பார்த்தோம். பின்கழுத்து தெரிந்தது, ஒரு காது தெரிந்தது, மீதியெல்லாம் தக்காளி. "நிறம் பரவால்ல" என்றாள் தங்கள் தங்கை. இட்லி ஆறிப் போனது.

எங்கே பழக்கம் என்று கேட்டேன். இங்கே கேளம்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்காம். நாவலூர் ஆபீசில் நாள் பூரா கம்ப்யூட்டரைப் பார்த்து இவளுக்குக் கழுத்து வலி. எங்கேயோ பாறை மேல் விழுந்து அவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வெந்நீர் ஒத்தடம். தாங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆமாம், வேதக்காரப் பையன், கோவளத்துக்காரன். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எல்லா மதத்தாருமாகச் சேர்ந்துதானே இருந்தோம், கிறிஸ்துமஸ் கேக்கைச் சாப்பிட்டு வளர்ந்த பெண்தானே இவள். தங்களுக்கு ஏதும் இருந்தால் நேரில் பேசிக்கொள்ளலாம். என் ஆட்சேபணை தொழில். நான் பாத்ரூம் போகிற நேரத்தில் ஒருத்தன் சம்பாதிக்கிறான். அவனுக்கா என் பெண்?

இருந்தாலும் வரச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் பெரிய வஞ்சிரம் மீன், கோவளத்தில் விடிகாலையில் படகு வந்ததும் வாங்கியதாம், செதில் எடுத்துத் துண்டு போட்டு ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அங்கேயே பாதி அமிர்தவல்லி கவிழ்ந்துவிட்டாள். ஆள் நல்ல உயரம். முகத்தைப் பார்த்தால், பரவாயில்லை, தக்காளி இல்லாமல் லட்சணமாகத்தான் இருந்தான். முதலில் "எப்படி இருக்கீங்க சார்" என்று புத்தகத் தமிழில் ஆரம்பித்தான். இரண்டு வாய் சோறு உள்ளே போனதும் கோவளத்துப் பேச்சு வந்துவிட்டது.

"வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?" என்றேன்.

"நல்லா போவுது சார். போன வாரம் மாமல்லபுரத்தாண்ட ஒரு ரிசார்ட்ல ஷூட்டிங். காலைல ஒரு தபா செத்தேன். சாப்பாட்டுக்கப்புறம் மீசை ஒட்டி இன்னொரு தபா சாவடிச்சாங்க."

"மீசை எதுக்கு?"

"காலைல செத்தவன்தான் இவன்னு தெரிஞ்சிடக் கூடாதுல்ல சார்."

"சாப்பிடற நேரத்துல என்னப்பா சாவுப் பேச்சு, குழம்பு ஊத்திக்க" என்றாள் அமிர்தவல்லி.

நான் விடவில்லை. என் கணக்கை அவனிடம் நேராகவே வைத்தேன். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. படத்திலிருந்து சண்டையைக் கழட்டிட்டா யாருக்காவது தெரியுமா?" சஹானா என்னைப் பார்த்த பார்வையில் மீன் முள் எனக்குத் தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். அவன் கோபப்படவில்லை மச்சான். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான்.

"பாதிப் படத்துல தெரியாது சார்" என்றான்.

நான் வாதாடத் தயாராக இருந்தேன், இவன் இப்படி ஒத்துக்கொள்வான் என்று எதிர்பார்க்கவில்லை. "அப்ப மீதிப் பாதியில?"

"அதுல தெரியும். எப்டின்னு கேட்டா எனக்குச் சொல்ல வராது சார். எனக்கு வுழத்தான் தெரியும்."

பையன் பொய் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஆனால் தன் தொழிலில் பாதி வெட்டி என்று தானே சொல்லுகிறவன் கையில் பெண்ணைக் கொடுப்பதாவது? நான் முடிவாகச் சொல்லிவிட்டேன்: "இந்த வேலையை விட்டுட்டு வேற எதாவது வேலை பாரு தம்பி. அதுக்கப்புறம் நான் மறுவார்த்தை பேச மாட்டேன்." அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ரோசிக்கறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தபா ஷூட்டிங் வந்து பாருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். கதவைச் சாத்தியதும் சஹானா சொன்னாள்: "அப்பா, நீங்க கழட்டறது மிஷினை இல்ல, மனுஷனை." அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. எதுவானாலும் அம்மா வழியாக. "அம்மா, அப்பாகிட்ட ஹிண்டு பேப்பரைக் கேளு." நானும் அவளும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்போம்.

சரி, பார்த்துவிட்டுத்தான் பேசுவோமே என்று ஷூட்டிங்குக்கும் போனோம். சதுரங்கப்பட்டினம் பக்கம் கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பு. சஹானாதான் கார் ஓட்டினாள், பேசாமலே. நான் நிழலில் நிறுத்தச் சொன்ன வண்டிக்குக் குறுக்கே ஜெனரேட்டர் வேன் வந்து நின்றுகொண்டது, அது நகர்ந்தால்தான் நாங்கள் வீடு திரும்ப முடியும், ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனால்தான் அது நகரும் என்றார்கள். இறங்கின உடனே ஒரு பையன் ஓடிவந்து அமிர்தவல்லியின் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, "அம்மா, ஜீப் வந்தவொடனே இதைக் கீழ போட்டுட்டு அலறணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கூட்டத்தில் நடிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. தங்கள் தங்கை குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல குடமா இருக்கே, இதை எதுக்குங்க கீழ போடணும்?" என்று என்னைக் கேட்டாள். ஜீப் வந்தபோது எல்லாரும் போட்டார்கள், இவள் இடுப்பிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டைரக்டர் மைக்கில், "அந்தப் பச்சைப் புடவை அம்மாவைக் கூட்டத்துலேர்ந்து எடுங்க" என்றார். எடுத்தார்கள். காபி கொடுத்து உட்கார வைத்தார்கள்.

நான் கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒரு உதவி இயக்குநரைப் பிடித்தேன். "தம்பி, இவங்க எதுக்காகச் சண்டை போடறாங்க?"

"இன்டர்வெல் வருது சார்."

"அது இல்லப்பா, இவனுக்கும் அவனுக்கும் என்ன பகை?"

"அதை டப்பிங்ல பாத்துக்கலாம் சார்."

என் கட்சிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சஹானாவுக்கு இது கேட்க வேண்டும் என்று திரும்பினேன். அவள் கேட்கவில்லை. ஓடுகிற ஜீப்பிலிருந்து ஜெரோம் மணலில் விழுந்துகொண்டிருந்தான். விழுந்தான், எழுந்தான், மணலைத் தட்டினான், "ஓகேவாண்ணா?" என்று கேட்டான். "ஒன் மோர்" என்றார்கள். மறுபடி ஜீப்பில் ஏறினான். எங்கள் பக்கம் பார்த்து, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஒரு சிரிப்பு. மறுபடி விழுந்தான். மச்சான், என்னோடு பேசாத பெண், அவன் ஒவ்வொரு முறை விழும்போதும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு முழங்கைக்குக் கீழே நகக்குறி. எனக்கு என்ன தோன்றியது என்றால், ஒன்றுமில்லாததற்கு இந்தப் பிள்ளை இத்தனை தரம் விழ வேண்டுமா? படம் வரும், இந்த இடத்தில் என்னைப் போன்ற ஒருத்தன் பாத்ரூம் போவான். வீடு திரும்பும்போது நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தவன் பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

அந்த ஜெயம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும், சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் அசோசியேஷன் ஆண்டுவிழாவுக்கு மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் போடுவது வழக்கம். செகரட்டரி ரோகிணி, இங்கே ஐ.டி. கம்பெனியில் இருக்கிற பெண், என்னிடம் வந்து, "அங்கிள், பசங்க பார்க்ல ஒருத்தனை ஒருத்தன் பறந்து பறந்து உதைக்கறாங்க. இந்தத் தடவை சண்டை இல்லாத படமா பாத்துப் போடுங்க" என்றாள். அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை. நான் சொன்னேன், "படம் எதுவானாலும் இருக்கட்டும்மா, ரிமோட் என் கையில இருக்கட்டும்." அண்ணன் தம்பி பாசக் கதை ஒன்று, போன வருஷம் வந்தது, குடும்பப் படம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சஹானா ஜெரோமையும் கூட்டி வந்திருந்தாள். இரண்டு பேரும் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வா தம்பி வா, இன்றைக்கு ஒரு மாடி ஜனத்துக்கு முன்னால் உன் பாகத்தைக் கழற்றிக் காட்டுகிறேன்.

கதை இவ்வளவுதான். அண்ணன் முரடன், ஊரே அவனுக்குப் பயப்படும். தம்பி பயந்தாங்கொள்ளி, பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அண்ணனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது, "நீயெல்லாம் எனக்குத் தம்பியாடா" என்று எல்லார் முன்னாலும் ஏசுவான். முதல் சண்டை பஸ் ஸ்டாண்டில். அழுத்தினேன். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது சண்டை மீன் ஏலத்தில். அதையும் ஓட்டினேன். குழந்தைகள் மட்டும் "ஏய்" என்றார்கள், கதை தடங்கல் இல்லாமல் போனது. திரும்பி ஜெரோமைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், சரிதான் சார் என்கிற மாதிரி. மூன்றாவது சண்டை ஒரு உப்பளத்தில். அழுத்தினேன்.

ஓட்டி முடித்து விட்ட இடத்தில் ஆஸ்பத்திரி. தம்பி உடம்பு பூராவும் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறான். முரட்டு அண்ணன் கஞ்சியைக் கரண்டியில் ஊட்டிக்கொண்டு, "நீதாண்டா எனக்கு அண்ணன்" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறான்.

மாடி சிரித்தது மச்சான். அவன் அழ அழ இவர்கள் சிரிக்கிறார்கள். "என்ன அங்கிள், பையனுக்கு டெங்குவா?" என்றாள் ரோகிணி. எங்கள் எலக்ட்ரீஷியன் குமார் ஒயர் பக்கத்திலிருந்து எழுந்தே விட்டான். "இன்னா சார், நல்லாத்தான இருந்தான் அந்தப் பையன்? லாரி கீரி மோதிச்சா? அண்ணங்காரன் திடீர்னு இன்னாத்துக்கு இப்டி அழுவுறான்?" இந்த ஆரவாரத்தில் முன்வரிசையில் தங்கள் தங்கை பக்கத்து வீட்டம்மாவிடம், "மஞ்சள் காமாலையா இருக்கும்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார், பின்னாடி போங்க சார்!" என்று நாலா பக்கமும் குரல். ரிமோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போனேன்.

உப்பளத்தில் அண்ணனை ஆள் வைத்து அடிக்கிறார்கள். கையைக் கட்டியிருக்கிறார்கள், கீழே கிடக்கிறான். தூரத்தில் உப்புக் குவியலுக்குப் பின்னால் அந்தத் தம்பி நின்றுகொண்டு நடுங்குகிறான். அவனுக்கு அடிக்கத் தெரியாது. ஓடி வருகிறான், வந்து யாரையும் தொடவில்லை. அண்ணன் மேலே அப்படியே குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவன் தலையை மூடிக்கொள்கிறான். விழுகிற அடியெல்லாம் இவன் முதுகில். கடைசிவரைக்கும் ஒரு அடி திருப்பி அடிக்கவில்லை. கீழே கிடக்கிற அண்ணன், "போடா, ஓடிப் போடா" என்று கத்துகிறான். இவன் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான். தம்பிக்கு ஒரு வசனம் கிடையாது, வாயே திறக்கவில்லை. மாடியில் காற்றில் திரை அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அதே ஆஸ்பத்திரி வந்தது, அதே கஞ்சி, அதே அழுகை. ஒருத்தர் சிரிக்கவில்லை. குமார் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும் கண்ணாடியைக் கழற்றினேன், தூசி.

(குழந்தைகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது உதைப்பதில்லை. ஒருவன் மேல் ஒருவன் படுத்துக் காப்பாற்றுகிறார்கள். யூனிஃபார்ம் எல்லாம் மண் என்று ரோகிணி புதிதாகப் புகார் சொல்லுகிறாள்.)

படம் முடிந்து எல்லாரும் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தபோது ஜெரோம் பக்கத்தில் போனேன். ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டேன். "இதில நீ இருக்கியாப்பா?"

"இல்ல சார். அந்தத் தம்பிக்கு டூப்பு போட என்னத்தான் கூப்ட்டாங்க. அப்ப எனக்குத் தோளு எறங்கிப் போயி வூட்ல படுத்துகினு இருந்தேன். வேற பையன் பண்ணான். நல்லாப் பண்ணான் சார்." திரையைச் சுருட்டுகிறதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நானும் எத்தினியோ வுழுந்துட்டேன். இந்த மாரி ஒண்ணு இன்னும் எனக்கு வர்ல."

அந்தத் தோள் வலியால்தான் அவன் சஹானாவைச் சந்தித்தான், அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி ஆறுதல்படுத்தலாமா என்று நினைத்தேன், ஆறுதலாகத் தோன்றவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாப்ட்டேன் சார்" என்றான். முடிந்தது எங்கள் பேச்சு.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது அமிர்தவல்லி மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். அந்த ரைஸ்மில் படம் பாத்தோமே, அதில ஹீரோவோட அப்பா சண்டையிலதான் செத்தாரா?"

"ஆமா, பேப்பர்ல விமர்சனத்துல போட்டிருந்தான். ஏன், நீ என்ன நினைச்ச?"

"நான் மஞ்சள் காமாலைன்னு நினைச்சேன். நல்லா இருந்த மனுஷன், நீங்க ஓட்டி நிறுத்தினா மாலை போட்ட போட்டோ. எங்க சித்தப்பா அப்படித்தான் திடீர்னு போனாரு. சரி, அதுதான்னு வச்சுக்கிட்டேன். அந்த போலீஸ் படத்தில இன்ஸ்பெக்டர் பாதியில ஒத்தக் கண்ணோட வந்தாரே, அது புரை ஆபரேஷன் இல்லையா?"

"கத்திக்குத்து."

"ஐயோ பாவம்" என்றாள். நேற்றுத்தான் குத்துப்பட்ட மாதிரி சொன்னாள். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் ஓடிய படத்தில் எல்லாரும் காமாலையிலும் சர்க்கரையிலும் லாரியிலும் செத்திருக்கிறார்கள். கதையில் விட்டுப்போன இடத்தையெல்லாம் அவள் தனியாக உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டு, கடைசிக் காட்சியில் எனக்குச் சமமாக அழுதும் இருக்கிறாள். "ஏன், என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"ரிமோட் உங்க கையில இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புளி தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சொல்லிவிட்டு, படுக்கை விரிக்கப் போய்விட்டாள்.

மச்சான், மறுநாளிலிருந்து பழைய படங்களையெல்லாம் முதலிலிருந்து பார்க்கிறோம். ரிமோட் அவளிடம். சில சண்டை வந்தால் அவளே, "இது சும்மா, தள்ளிடலாம்" என்று ஓட்டுகிறாள். சில இடத்தில் "இருங்க, இருங்க" என்று என் தொடையில் தட்டி உட்கார வைக்கிறாள். எது சும்மா, எது இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அடிபடறவன் மூஞ்சியைக் காட்டறாங்களா பாருங்க" என்றாள். கருவிகள் பிரிவில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு நான் இளகிவிட்டேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. படத்துக்குச் சண்டை வேண்டுமா என்ற கேள்வியில் நான் பாதி தோற்றுவிட்டேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். என் பெண்ணுக்கு அது வேண்டுமா என்பது வேறு கேள்வி. தினமும் அவன் வேலைக்குப் போன பிறகு அவள் யார் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்? அன்று நகக்குறி பட்டது என் கை. அதனால்தான் கேட்கிறேன். பையன் நல்லவன், மரியாதை தெரிந்தவன், மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவன். தொழிலை விட்டால் என் வாசற்கதவு அவனுக்குத் திறந்தே இருக்கும். விடாவிட்டால் சம்மதம் இல்லை. இதைத்தான் தாங்கள் வந்து சஹானாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். என் வார்த்தை அவள் காதில் ஏறாது. தாங்கள் சொன்னால் கேட்பாள், சின்ன வயதிலிருந்து மாமா என்றால் அவளுக்கு உயிர்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஆதித்யா பரீட்சையில் நல்ல மார்க் வாங்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. தங்களுக்கு மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன். சிங்கப்பெருமாள் துணையில் எல்லாரும் நல்லபடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தாமோதரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டின பிறகு பிரித்து எழுதுகிறேன், பசை தெரிந்தால் மன்னிக்கவும். சற்று முன் ஜெரோம் போன் பண்ணினான். சஹானாவுக்காகவும் எனக்காகவும் ஸ்டன்ட் வேலையை விட்டுவிடப் போகிறானாம். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்திருக்கிறதாம், ஒண்ணாம் தேதி சேரணுமாம். "இனிமே வுழ மாட்டேன் சார்" என்கிறான். எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை மச்சான், "அதெல்லாம் கூடாது!" என்று கத்திவிட்டேன். பக்கத்து ஃப்ளாட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். உருப்படியாக ஒரு சண்டை இன்னும் அந்தப் பிள்ளைக்கு வரவில்லை, அதற்குள் குளத்து ஓரத்தில் துண்டு மடிக்கப் போகிறானாம். நான் சொன்னால், "நீங்கதான சார் வுடச் சொன்னீங்க" என்று என்னையே மடக்குகிறான். மார்க்கெட்டிலிருந்து வந்த அமிர்தவல்லியும் சஹானாவும் சமையல்கட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், புதன்கிழமையே வாருங்கள், அக்காவையும் கூட்டி வாருங்கள், அப்படியே கோவளம் போய் அவர்கள் வீட்டில் பேசி நாளும் பார்த்துவிடலாம். சஹானாவிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பேச வேண்டியது அவனிடம். வெட்டிச் சண்டையில் விழ வேண்டாம், ஆனால் வேலையை விடக் கூடாது என்று, பெரிய மனுஷராக, பொறுப்பாக, அந்தப் பையனுக்கு நாலு புத்தி சொல்லி நல்லபடியாக விழச் சொல்லுங்கள்.